மிதக்கும் நிலையில்

படகுக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டு விஷயங்களில்தான் பயம். ஒன்று, பழுப்பு உறையில் வரும் கடிதம். இன்னொன்று, அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மனைவி எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பது. அன்றைக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

கடிதம் நன்னீர் ஏரிகள் பாதுகாப்பு வாரியத்திலிருந்து வந்திருந்தது. பொழுதுபோக்குப் படகு வைத்திருப்போர் அனைவரும், தங்கள் படகில் வரிச் சிப்பி ஒட்டியிருக்கவில்லை என்பதற்கான சான்றிதழை இம்மாத இறுதிக்குள் பெற வேண்டும், தவறினால் படகு பறிமுதல் செய்யப்படும் என்று அதில் இருந்தது. அடியில் கையெழுத்து, அதன்மேல் ஒரு முத்திரை, முத்திரைமேல் இன்னொரு முத்திரை.

அவரிடம் இருந்தது ஒரே படகு. பச்சை வண்ணம், ஆறு பேர் உட்காரலாம், இரண்டு துடுப்பு. விடுமுறை நாளில் சின்ன ஏரிக்கு வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார். பன்னிரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. அந்தப் படகு அந்த ஏரியைத் தவிர வேறு தண்ணீரில் நனைந்ததும் இல்லை, வேறு தண்ணீரைப் பார்த்ததும் இல்லை.

வரிச் சிப்பி இருந்தது பெரிய ஏரியில். நாற்பது கிலோமீட்டர் தள்ளி. கட்டைவிரல் நகமளவு இருக்கும், உடம்பில் கோடு கோடாக வரி. அதற்குக் காலும் கிடையாது, இறக்கையும் கிடையாது. யாராவது படகின் அடியில் ஒட்டவைத்தோ, படகுக்குள் தேங்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகவோ சுமந்துகொண்டு வந்தால்தான் உண்டு. பெரிய ஏரிக்கும் அது அப்படித்தான் வந்தது. உல்லாசமாகச் சுற்ற வந்த ஏதோ ஒரு படகு, எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனது.

மனைவிக்கு இதெல்லாம் அவரைவிட நன்றாகத் தெரியும். சின்ன ஏரியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் அவள்தான் ஆபரேட்டர். பெரிய ஏரியின் பம்ப் ஹவுஸுக்கு ஒருமுறை பயிற்சிக்குப் போனபோது அங்கே கழற்றிப் போட்டிருந்த குழாயைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவு பெரிய குழாய்ங்க. இப்ப என் கை நுழையல. உள்ள பூரா சிப்பி. அந்த ஊருக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி."

இப்போது அவள் கடிதத்தை மடித்து மறுபடி உறைக்குள் போட்டுவிட்டு, கடைசியில் வாய் திறந்தாள். "நல்ல விஷயந்தானேங்க. எல்லாப் படகையும் பாக்கட்டும். நம்ம ஏரிக்கு மட்டும் அது வந்துச்சுன்னா அவ்வளவுதான்."

நல்ல விஷயம்தான் என்று அவரும் நினைத்தார். பாவம், அதுவரை அவர் வாரியத்துக்குப் போனதில்லை.

வாரியத்தின் தலைமை அலுவலகம் பெரிய ஏரியின் கரையிலேயே, தண்ணீருக்குள் தூண் இறக்கிக் கட்டப்பட்டிருந்தது. பிரச்சினை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அலுவலகம் இருக்க வேண்டும் என்பது கொள்கை. தலைவர் அறையிலிருந்து பார்த்தால் சூரியன் ஏரிக்குள் இறங்குவது தெரியும் என்பதும் உண்மை. தூண்கள் பூராவும் சிப்பி அப்பியிருந்தது. வாசல் பலகையில் 'சிப்பியற்ற நாளை நோக்கி' என்று எழுதியிருந்தது. நாளை என்றைக்கு வரும் என்று போடவில்லை.

மூன்றாம் கவுண்டரில் ஒரு அம்மாள் இருந்தார். படகுக்காரர் தன் படகைப் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடுத்துக் கொண்டுபோயிருந்தார்.

"படத்துக்குச் சான்றிதழ் தர்றதில்லைங்க. படகக் கொண்டாங்க."

"அம்மா, இந்தப் படகு எங்க ஏரிய விட்டு வெளிய வந்ததே இல்லை. எங்க ஏரில சிப்பியும் இல்லை."

"இல்லைங்கறதுக்குத்தான் சான்றிதழ். அது இல்லாம இல்லைன்னு நீங்களே எப்படிச் சொல்றீங்க?"

யாராவது வந்து எங்கள் ஏரியிலேயே பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்டார். அந்த அம்மாள் அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "சிப்பி இல்லாத ஏரிக்கு எங்க ஆளுங்க போறதில்லை. அங்க அவங்களுக்கு என்ன வேலை?"

மச்சானிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. மனைவியின் தம்பி, நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் அதிகம். மறுவாரம் இருவரும் படகை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி, நாற்பது கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போய் வாரியத்து வாசலில் நிறுத்தினார்கள். கிளம்பும் முன் மனைவி ஒன்றுதான் சொன்னாள். "லாரிய விட்டு மட்டும் இறக்கிடாதீங்க. அந்தத் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது."

ஆய்வாளர் வெளியே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி. லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"படகு எங்க?"

படகுக்காரர் படகைக் காட்டினார்.

"இது லாரி மேல இருக்கு. லாரி மேல இருந்தா இது சரக்கு. சரக்குக்கு நான் சான்றிதழ் தர முடியாது. விதி நாலு: படகு, மிதக்கும் நிலையில் ஆய்வு செய்யப்படும்."

"சார், மிதக்க விட்டா உங்க ஏரித் தண்ணி பட்டுடும். சிப்பி ஒட்டிக்கும்."

"ஒட்டியிருக்கான்னு பாக்கத்தானே நான் இருக்கேன்?"

"ஒட்டறதுக்கு முன்னாடி பாத்துட்டீங்கன்னா..."

ஆய்வாளர் சிரித்தார். இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிற மனிதர். படகுக்காரரின் தோளில் கை போட்டு ஏரிப் பக்கம் திருப்பினார். "பாருங்க, சிப்பியப் பத்தி எனக்குத் தெரியாததா? பதினோரு வருஷமா இதே கரையில இருக்கேன். நான் வேலைக்குச் சேந்தப்ப அதோ அந்த ஒரு படித்துறைலதான் இருந்துச்சு. இப்ப ஏரி பூரா ஒரு இடம் பாக்கியில்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், அதுல ஒரு சிப்பிகூட எங்க கண்காணிப்பு இல்லாமப் பரவல. ஒவ்வொண்ணுக்கும் பதிவு இருக்கு."

மச்சான் லாரியின் கதவில் சாய்ந்துகொண்டு, "மாமா, திரும்பிடலாம்" என்றான். திரும்பினால் மாதக் கடைசியில் படகு போய்விடும். படகுக்காரர் மனைவிக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பம்ப் ஓடும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"இறக்கினா, கொண்டுவந்து ஒரு வாரம் நல்லா வெயில்ல காயப்போடணும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திக் கழுவணும். அப்புறந்தான் ஏரில விடலாம். செய்வீங்களா?"

"செய்வேன்" என்றார். செய்யக்கூடியவர்தான்.

படகு இறங்கியது. ஆய்வாளர் படித்துறையில் நின்றபடியே, சட்டை நனையாமல், பூதக்கண்ணாடி வழியாகப் படகைப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது என்றார். அவ்வளவு சுத்தமான படகைத் தன் பணிக்காலத்திலேயே பார்த்ததில்லை என்று பாராட்டவும் செய்தார். ஒரு ஆளைத் தண்ணீரில் இறக்கி, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே, சிப்பி ஒட்டக்கூடிய இடமாகப் பார்த்து ஒரு சீல் ஒட்டவைத்தார். 'இப்படகு சிப்பியற்றது' என்று அதில் அச்சிட்டிருந்தது.

"கையெழுத்து?" என்று கேட்டார் படகுக்காரர்.

"தலைவர் போடணும். அவர் பயிலரங்கத்துல இருக்கார். சிப்பி வேகமாப் பரவுறத எப்படித் தடுக்கறதுன்னு மூணு நாள் பயிலரங்கம்."

"அதுவரைக்கும் படக வெளிய எடுத்து வச்சுக்கறேன் சார்."

"அதெப்படி? கையெழுத்து விழற வரைக்கும் ஆய்வு முடியல. ஆய்வு முடியற வரைக்கும் மிதக்கும் நிலையில்."

மூன்று நாளும் படகு மிதந்தது. இரண்டு பேரும் லாரியிலேயே படுத்தார்கள். அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் இரண்டாம் நாளே பழகிவிட்டார். பத்து நாள் மிதந்தவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன், உங்களுக்கு யோகம் என்றார்.

நான்காம் நாள் காலையில் சான்றிதழ் வந்தது. தங்க நிற ஓரம், தடித்த தாள். படகுக்காரர் முட்டியளவு தண்ணீரில் இறங்கிப் படகின் அடியில் கையை ஓட்டிப் பார்த்தார். மணல் ஒட்டினாற்போல விரலில் நெருடியது. பக்கத்தில் கட்டியிருந்த கயிறு உரசியதில் மாறி வந்த இரண்டு மூன்று பெரிய சிப்பிகளும் சாவகாசமாக இடம்பிடித்திருந்தன. அவர் ஆய்வாளரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "ஆமா, சிப்பிதான். ஆனா இது ஆய்வுக்கு அப்புறம் வந்தது. சான்றிதழ் ஆய்வுத் தேதிக்கு. அதுல ஒரு குறையும் இல்லை, பயப்படாதீங்க."

"சரிங்க சார். நான் கொண்டுபோய்க் காயவச்சுக் கழுவிக்கறேன்."

"பின்பக்கம் படிச்சீங்களா?"

பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. சான்றிதழ் பெற்ற இருபத்துநாலு மணி நேரத்துக்குள் படகைச் சொந்த ஏரியில் இறக்க வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் காலாவதி. வெந்நீர் பட்டால் சீல் உரிந்துவிடும். சீல் உரிந்தால் அது குற்றம்.

படகுக்காரர் படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு அலுப்பு வந்தது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற அலுப்பு. அலுவலகங்களில் மட்டுமே கிடைக்கும் சரக்கு அது. கொஞ்ச நேரம் பச்சைப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கயிற்றை இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கினார்.

"வா, போகலாம்" என்றார் மச்சானிடம்.

"படகு?"

"கழுவவும் கூடாது, கழுவாம நம்ம ஏரில விடவும் கூடாது. இங்கயே இருக்கட்டும்."

"மாமா, சான்றிதழுக்காகப் படகக் கொண்டாந்தோம். இப்பப் படக விட்டுட்டுச் சான்றிதழக் கொண்டுபோறோம். லாரிய நான் எதுக்கு எடுத்துட்டு வந்தேன்?"

வழியெல்லாம் மச்சான் பேசிக்கொண்டே வந்தான். படகுக்காரர் காதில் எதுவும் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி வெறும் லாரியைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த தங்க ஓரத் தாளைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. "எனக்காகத்தானே விட்டுட்டு வந்தீங்க" என்றாள். "உனக்காக இல்லை, ஏரிக்காக" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று இருவருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவர் பம்ப் ஹவுஸில் சல்லடை தேய்க்கும் தினக்கூலி வேலைக்குப் போனார்.

சான்றிதழின் பின்பக்க நிபந்தனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாரியத்தின் பதிவேட்டில் வேறு ஒன்று ஏறிவிட்டது. சின்ன ஏரியில் மொத்தப் படகு ஒன்று, சான்றிதழ் பெற்ற படகு ஒன்று. ஆக நூறு சதவீதம். அப்படி ஒரு ஏரி வாரியத்தின் வரலாற்றிலேயே இல்லை. கேடயம் வழங்கத் தலைவரே நேரில் வருவதாக அடுத்த பழுப்பு உறை வந்தது. அதற்கு முன்னதாக, 'சான்றிதழ் இல்லாத படகுகளுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு பலகையும் சின்ன ஏரியின் படகுச் சரிவில் வந்து நட்டாயிற்று.

விழா நாளில் பந்தல், மைக், இரண்டு பத்திரிகைக்காரர்கள். தலைவரின் காருக்குப் பின்னால் ஒரு வண்டி, அதன்மேல் வாரியத்தின் சொந்தப் படகு. தலைவர் கேடயத்தோடு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் படகின் அடியிலிருந்து இன்னமும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில்தான் பெரிய ஏரியிலிருந்து தூக்கியிருக்கிறார்கள்.

படகுக்காரர் சரிவின் நடுவில் போய் நின்றார். வாழ்நாளில் யாரையும் மறித்தவர் இல்லை.

"ஐயா, இந்தப் படகுக்குச் சான்றிதழ் இருக்குங்களா?"

தலைவர் புன்னகைத்தார். "இது வாரியப் படகுப்பா. விதி பொழுதுபோக்குப் படகுக்குத்தான்."

"இப்ப கேடயத்தோட ஒரு ரவுண்டு போகப்போறீங்களே, அது என்ன வேலைங்க?" என்று பம்ப் ஹவுஸ் வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

பத்திரிகைக்காரர்களில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். தலைவருடைய புன்னகை கொஞ்சம் சுருங்கியது. பிறகு, அனுபவசாலி அல்லவா, இன்னும் பெரிதாக விரிந்தது. மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஒரு சாதாரண மனுஷன் என்னையே நிறுத்திக் கேக்கறார் பாருங்க. இதுதான் விழிப்புணர்வு. சட்டத்துக்கு முன்னாடி நானும் ஒண்ணு, நீங்களும் ஒண்ணு. சான்றிதழ் இல்லாம இந்தப் படகு இந்த ஏரில ஓடாது. ஆய்வாளர், இப்பவே, இங்கயே, எல்லார் முன்னாடியும் ஆய்வு பண்ணுங்க."

கைதட்டல் எழுந்தது. படகுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வயதில் முதல்முறையாக ஒரு அதிகாரி தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "விதி நாலு" என்றார் ஓட்டுநரிடம். "இறக்குங்க."

படகுக்காரருக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. "சார், வேணாம் சார். வண்டி மேலயே வச்சுப் பாருங்க சார்" என்று ஓடினார். இரண்டு பேர் அவரை மரியாதையாகப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள். வண்டி பின்னால் வந்தது. வாரியப் படகு வழுக்கிக்கொண்டு சின்ன ஏரிக்குள் இறங்கி, அழகாக மிதந்தது.

ஆய்வு இரண்டு மணி நேரம் நடந்தது. தலைவர் முன்னிலை என்பதால் ஆய்வாளர் இம்முறை எதையும் விடவில்லை. ஆட்களைத் தண்ணீரில் இறக்கிப் படகின் அடியைத் தடவச் சொன்னார். ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது, பிறகு பொலபொலவென்று உதிர்ந்தது. நாற்பத்தேழு எண்ணிவிட்டு, எழுந்து நின்று அறிவித்தார்: "தகுதியற்றது."

தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "பாத்தீங்களா? எங்க படகையே நாங்க விடல. இந்த நேர்மைய வேற எந்த வாரியத்துல பாப்பீங்க? இந்த ஏரிக்குள்ள ஒரு சிப்பிகூட நுழைய விடமாட்டோம்." படகு உடனே வெளியே எடுக்கப்பட்டது. படகுக்காரருக்குச் சால்வை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்காமல் இருந்திருந்தாலும் அந்தப் படகை இறக்கித்தான் இருப்பார்கள். ஆனாலும், தான் வாய் திறந்ததால்தான் இறக்கினார்கள் என்பதுபோல ஒரு குற்ற உணர்வு அவரை விடவில்லை. நியாயமாகப் பார்த்தால் அது வேறு யாருக்காவது வந்திருக்க வேண்டும்.

அடுத்த கோடையில் ஒருநாள் மனைவி வேலை முடிந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். நகமளவு, கோடு கோடாக வரி. "சல்லடைல இருந்துச்சு" என்றாள். ஆறே மாதத்தில் ஊருக்குத் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் ஆனது.

படகுக்காரர் வாரியத்துக்கு எழுதினார். பதில் இந்த முறை சீக்கிரம் வந்தது. தங்கள் ஏரி இப்போது பெரிய ஏரியின் வகையிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் இரண்டுக்கும் இடையே படகு செல்லச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, எனவே வாரியப் படித்துறையை அடைத்துக்கொண்டு நிற்கும் தங்கள் படகை உடனே எடுத்துச் செல்லவும் என்று இருந்தது.

மச்சானும் அவரும் போனார்கள். படகின் அடி முழுக்கச் சிப்பி, பச்சை வண்ணம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஆய்வாளர் ஒரு கத்தியால் ஓரிடத்தில் சுரண்டினார். உள்ளே சீல் தெரிந்தது. "அட, சீல் அப்படியே இருக்கே" என்று மனதாரச் சந்தோஷப்பட்டார்.

ஊருக்குக் கொண்டுவந்தும் படகுக்காரர் படகை ஏரியில் இறக்கவில்லை. சரிவுக்கு மேலே கவிழ்த்துப் போட்டு ஒரு வாரம் காயவைத்தார். பம்ப் ஹவுஸ் ஓரத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கழுவினார். சீல் உரிந்து விழுந்தது. மனைவி அதை எடுத்து அடுப்பில் போட்டாள்.

"ஏன் மாமா, ஏரியே கெட்டுப்போச்சு, இப்பப் போய்க் கழுவறீங்க" என்றான் மச்சான்.

"மேல இன்னொரு ஏரி இருக்குல்ல" என்றார் அவர்.

அதற்கப்புறம், பெரிய ஏரியிலிருந்து வந்து சின்ன ஏரியில் சுற்றிவிட்டு மேல் ஏரிக்குக் கிளம்பும் எந்தப் படகையும் அவர் சும்மா விடவில்லை. கையைப் பிடித்துக் கெஞ்சாத குறையாக நிறுத்தி, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லி, நாலு வாளி வெந்நீர் ஊற்றித் தேய்த்துத்தான் அனுப்புவார். காசு வாங்குவதில்லை. சிலர் திட்டினார்கள், பலர் நின்றார்கள். மேல் ஏரியில் இன்றுவரை சிப்பி இல்லை.

விஷயம் வாரியத்தின் காதுக்குப் போகாமல் இருக்குமா? பழுப்பு உறை வந்தது. அனுமதியின்றிப் படகு கழுவுவது விதிமீறல், தாங்கள் பயன்படுத்தும் வாளியைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, நிரம்பிய நிலையில் ஆய்வுக்கு உட்படுத்திச் சான்றிதழ் பெறவும் என்று இருந்தது. மனைவி இருமுறை படித்தாள். இந்த முறை அவள் பேசாமல் இருக்கவில்லை.

"அடுப்பு அணையப் பாக்குது, அதக் கொஞ்சம் கிழிச்சுப் போடுங்க" என்றாள்.

தடித்த தாள், நின்று நிதானமாக எரிந்தது. சரிவில் ஒரு படகு வந்து நின்று, மேல் ஏரிக்குப் போகணும் என்று யாரோ சொன்னார்கள். படகுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாளி நிரம்பிய நிலையில்தான் இருந்தது.